துரைசானி சொன்ன சிமினி

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் பேச்சு முட்டிவலியில் தொடங்கிச் சர்க்கரை மாத்திரையில் போய் நிற்கும். அதற்குள் யாராவது ஒருவர் "அந்தக் காலத்தில்" என்று இழுத்துவிட்டால் போதும், ஆளுக்கொரு பால் மாட்டையும் ஆளுக்கொரு பலா மரத்தையும் கொண்டுவந்து நடுவீட்டில் கட்டிவிடுவீர்கள். என்னிடம் மாடும் இல்லை, மரமும் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு புகைக்கூடு. அதுவும் எங்களுடையது அல்ல, ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது. அதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். கேட்க விருப்பம் இல்லாதவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்கலாம்.

கண்டியில் மாத்தளை ரயிலைப் பிடித்தால் வழியில் வத்தேகம வரும். அங்கே இறங்கி மேலே நடந்தால் இரண்டு மணி நேரத்தில் அந்தத் தோட்டம். தேயிலைக்கு மேல் தேயிலை, அதற்கும் மேல் மூடுபனி, மூடுபனிக்குள் துரை பங்களா. அந்தப் பங்களாவில் என் அப்பாதான் எல்லாம். சமைப்பது, பரிமாறுவது, லாம்பு ஏற்றுவது, கணப்பில் நெருப்பு மூட்டுவது, அத்தனையும் அவர் வேலை. அப்படிப்பட்டவரை எங்கள் பக்கம் 'அப்பு' என்பார்கள். துரை கூப்பிடுவதும் அப்பு, பூந்தோட்டத்தில் வேலை செய்பவர் கூப்பிடுவதும் அப்பு. அவருக்கென்று ஒரு பெயர் இருந்ததே எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

எனக்கு ஏழு வயது முடிந்தபோது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதுவரை அம்மாவும் நானும் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் இருந்தோம். அப்பா மட்டும் பங்களாவுக்குப் பின்னால், சமையல் செய்யும் குசினியை ஒட்டிய சின்ன அறையில் தங்கியிருந்தார். அம்மாவுக்குப் பிறகு என்னைக் கீழ் டிவிசனில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்புவதாகத்தான் பேச்சு. நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்தவள் விடவில்லை. அவர் துரையிடம் போய்க் கெஞ்சினார். துரை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். பிள்ளை முன்பக்கம் வரக் கூடாது, சத்தம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

"நீ இங்க இருக்கிறதே யாருக்கும் தெரியக் கூடாது தாயி. ஒரு குத்தம்னு வந்துச்சுன்னா அப்புறம் அத்தை வீடுதான்" என்று அப்பா அடிக்கடி சொல்வார். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அப்பாவோடு இருப்பது. அதற்காக இல்லாதவள் மாதிரி இருக்கப் பழகிக்கொண்டேன். இருமல் வந்தால் கம்பளிக்குள் முகத்தை வைத்து இருமுவேன். தும்மலை மூக்கைப் பிடித்து விழுங்குவேன். வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பாடுபட்டும் அப்பாவை நான் பார்ப்பது அபூர்வம். நான் எழும்புவதற்கு முன்னால் அவர் துரைக்குத் தேநீர் கொண்டு போய்விடுவார். துரை சாப்பிட்டு முடித்து அவர் அறைக்கு வரும்போது நான் தூங்கியிருப்பேன். லயத்துப் பிள்ளைகள் பங்களாப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். பேச ஆளில்லாமல் குசினிக் கோழிகளோடு பேசினேன். ஒவ்வொரு வாரமும் அவற்றில் ஒன்று குழம்பாகிவிட்டதால் அந்தச் சிநேகமும் நிலைக்கவில்லை.

பகலில் எனக்கென்று ஒரே ஒரு வேலை இருந்தது. பங்களாவில் பத்து லாம்புகள். ஒவ்வொரு லாம்பின் தலையிலும் ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கும். அதற்கு எங்கள் வாயில் சிமினி என்று பெயர். வத்தேகமக் கடையில் போய்ச் சிமினி என்று கேட்டால் வைக்கோலில் சுற்றி அதைத்தான் கொடுப்பார்கள். இரவு எரிந்து விடிந்தால் உள்ளே கரி படர்ந்திருக்கும். பெரியவர்கள் கை அதற்குள் நுழையாது, என் கை நுழையும். சாம்பலைச் சலித்து, ஈரத் துணியில் தொட்டு, உள்ளே விட்டுச் சுழற்றுவேன். பிறகு வாயை வைத்து ஊதி, பழைய இங்கிலீசுப் பேப்பரால் துடைப்பேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி இருப்பதே தெரியக் கூடாது, அதுதான் கணக்கு. இருப்பது தெரியாமல் இருப்பதில் எனக்கும் பழக்கம் உண்டல்லவா, வேலை நன்றாகவே வந்தது.

இனிப் புகைக்கூட்டுக்கு வருகிறேன். விருந்தாளிகள் உட்காரும் முன் சாலையில் ஒரு கணப்பு, சாப்பாட்டறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. மூன்றுக்கும் சுவருக்குள்ளாலேயே செங்கல் குழாய் ஏறிப்போய்க் கூரைக்கு மேல் தலை நீட்டும். புகை தானாக மேலே போகும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். போகாது. கூடு குளிர்ந்து கிடந்தால் உள்ளே நிற்கும் குளிர்காற்று சட்டிக்கு மூடி போட்ட மாதிரி அமுக்கும். புகை திரும்பி அறைக்குள் வந்து துரையின் கண்ணைக் கரிக்கும். அதனால் அப்பா விறகில் தீ வைப்பதற்கு முன்னால் ஒரு பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி, கூட்டின் வாய்க்குள் உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருக்கும் காற்றுச் சூடேறி மேலே எழும்பும், கீழிருந்து புதுக் காற்று அதன் பின்னாலேயே போகும். 'ஊ' என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். "இழுத்திருச்சு" என்பார் அப்பா. அதற்குப் பிறகுதான் விறகு.

விறகு காய்ந்ததாக இருந்தால் தொல்லை குறைவு. எங்கள் மலையில் விறகு எங்கே காய்கிறது? கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியானாலும் சரி, காட்டு மரமானாலும் சரி, பாதி ஈரத்தோடுதான் அடுப்புக்கு வரும். ஈர விறகின் புகை கூட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். முதலில் மாவு மாதிரிக் கரி, தொட்டால் உதிரும். அதன் மேல் நாள்பட நாள்படப் பாகு காய்ச்சி ஊற்றியது மாதிரி இன்னொரு கரி படியும், பளபளவென்று. இந்தப் பளபளப்புக் கரி நெருப்புப் பிடிக்கும். அதனால் வருசத்துக்கு ஒரு தடவை கூட்டைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும்.

அதற்கு ஒருவர் வருவார். கண்டியில் கொத்து வேலை செய்யும் முஸ்லிம் மனிதர், எல்லோரும் நானா என்று கூப்பிடுவார்கள். மார்கழி வாக்கில் தோட்டம் தோட்டமாக ஏறிவருவார். அவருடைய சாமான் ஒரு நீளக் கயிறும், கித்துல் பனை நாரையும் முள்ளுச் செடியையும் சேர்த்துக் கட்டிய ஒரு பெரிய பந்தும், அதன் அடியில் கட்டுகிற கல்லும். அவர் கூரையில் ஏறிப் பந்தைக் கூட்டுக்குள் இறக்குவார். கீழே கணப்பின் வாயை ஈரச் சாக்கால் மூடிக்கொண்டு அப்பா கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பார். மேலே இழுக்க, கீழே இழுக்க, கூட்டுக்குள் கரி அருவி மாதிரிக் கொட்டும். நான் பங்களாவுக்கு வந்த முதல் வருசம் அதைப் பார்த்தேன். கூடை கூடையாக அள்ளிய கரியைத் துரை ரோசாச் செடிகளுக்குப் போடச் சொன்னார். அன்று நானாவுக்கும் அப்பாவுக்கும் பல்லைத் தவிர வெள்ளையாக ஒன்றும் இல்லை. நான் சத்தம் வராமல் சிரித்தேன்.

அந்தத் துரை தனிக்கட்டை. தமிழ் நன்றாகப் பேசுவார். புகைக்கூட்டைப் 'பொகக்கூடு' என்று நம்மைப் போலவே சொல்வார். அடுத்த வருசம் அவர் சீமைக்குத் திரும்பிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஒரு இளம் துரையும் துரைசானியும் வந்தார்கள். நிபந்தனை மாறவில்லை. துரைசானி என்னைப் பார்த்தால் பார்க்காத மாதிரிப் போவாள். நானும் பார்க்கப்படாத மாதிரி நிற்பேன். இரண்டு பேரும் ஒழுங்காக நடந்துகொண்டோம்.

அவர்கள் இருவரும் வெளியே போகிற நாட்களில் நான் மெல்ல முன் சாலைக்குப் போவேன். கணப்புக்குள் தலையை நீட்டி மேலே பார்ப்பேன். தொலைவில் ஒரு சின்னச் சதுரமாக வானம் தெரியும். மழைத் துளி ஒன்று எப்போதாவது அவ்வளவு தூரம் இறங்கிவந்து நெற்றியில் விழும். ஒரு நாள் என்ன நினைத்தேனோ, "அம்மா" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டேன். குரல் என்னுடையது மாதிரி இல்லாமல் பெரிதாகப் போயிற்று. பதிலுக்குக் கொஞ்சம் கரி உதிர்ந்து கண்ணில் விழுந்தது. அப்பா கேட்டதற்குத் தூசி என்றேன். தூசிதானே.

கார்த்திகைக் கடைசியில் துரையும் துரைசானியும் ஒரு மாதத்துக்குக் கொழும்புக்குப் புறப்பட்டார்கள். திரும்பும்போது விருந்தாளிகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு. அன்று காலையில் அப்பா பெட்டிகளோடு முன்னதாகவே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். கார் வாசலில் நின்றது. நான் குசினிப் படியில் உட்கார்ந்து ஒரு சிமினிக்குள் கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். துரைசானி தொப்பியும் கையுறையுமாகக் குசினிப் பக்கம் வந்தாள். ஒளிந்துகொள்ள நேரம் இல்லை. எழுந்து நின்றேன்.

"அப்பு எங்கே?"

"டேசனுக்குப் போயிருக்காருங்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து, "நீ சொல்லு அப்பு. சிமினி எல்லாம் சுத்தம் பண்ணு. நாங்க வர முன்னே. எல்லா சிமினி" என்றாள். கையால் வீட்டின் உள்பக்கத்தைக் காட்டினாள். நான் தலையை ஆட்டினேன். அவள் பார்வை என் கையில் இருந்த கண்ணாடியில் விழுந்தது. "நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த சிமினி என் கையில் இருந்தது. அந்தப் பங்களாவில் ஒன்றரை வருசமாக இருக்கிறேன். முதல் தடவையாக ஒருத்தி என்னைப் பார்த்து, என் வேலையைப் பார்த்து, என்னிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மத்தியானம் அப்பா படியேறி வரும்போதே ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சிமினியெல்லாம் சுத்தம் பண்ணி வைக்கணுமாம்ப்பா. துரைசானியே எங்கிட்ட சொன்னாங்க. எல்லாச் சிமினியுமாம்."

"அதத்தானே தினம் தொடைக்கிறோம்?" என்றார் அப்பா. பிறகு, "சரி, விருந்தாளுங்க வர்றாங்கல்ல. புதுத் துரைசானி, பார்த்துப் பார்த்துத்தான் செய்வாங்க" என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்.

அந்த மாதம்தான் என் வாழ்வில் நான் அப்பாவோடு இருந்த மாதம். துரை இல்லாத பங்களாவில் அவருக்கு அவசரம் இல்லை. அலுமாரிக்கு மேலே இருந்த பழைய பெட்டியை இறக்கினார். உள்ளே துரை மாறித் துரை சேர்த்துவைத்த உபரிச் சிமினிகள் இருந்தன. பூ வாய் வைத்தது, தொப்பை வைத்தது, ஒடுங்கியது என்று எல்லாவற்றையும் சாம்பல் போட்டுக் கழுவினோம். அவர் கழுவித் தருவார், நான் உள்ளே துடைப்பேன். குசினிப் பின்சுவரில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தோம். வெயில் வந்தபோது சுவர் முழுக்க வெளிச்சம் ஆடியது. அப்பா லயத்துப் பாட்டு ஒன்றை மெல்லப் பாடினார். அவருக்குப் பாட வரும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

அந்த மாதத்தில்தான் ஒரு நாள் நானாவும் வந்தார். கயிறு தோளில், பந்து முதுகில்.

"எப்புடி அப்பு, சொகமா ஈக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு நேரே முன் சாலைக்குப் போனார். கணப்புக்குள் குனிந்து, கையை மேலே விட்டுத் தடவிப் பார்த்தார். விரலைக் காட்டினார். பளபளவென்று இருந்தது.

"கரி கட்டியாப் புடிச்சீக்கி. ஈர வெறகு எரிச்சீக்கிறீங்க. இத இப்புடி உட ஏலா."

"துரை ஊர்ல இல்ல நானா. புதுத் துரை. உத்தரவு இல்லாம ஒங்களக் கூரையில ஏத்திட்டு நான் என்ன பதில் சொல்றது?"

"தொரசானி ஒன்டும் செல்லிட்டுப் போகல்லயா?"

"சிமினியெல்லாம் சுத்தம் பண்ணச் சொல்லிட்டுப் போனாங்க. அதத்தான் நானும் புள்ளயும் செஞ்சுக்கிட்டிருக்கோம்."

நானா பின்கட்டுக்கு வந்து சுவரில் இருந்த வரிசையைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், நல்லாத்தான் தொடச்சீக்கி" என்று என்னிடம் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தேநீர் குடித்தார், துரை வந்ததும் சொல்லி அனுப்பச் சொன்னார், கயிற்றைத் தூக்கிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு இறங்கிப் போனார். ஒரே சொல்லைச் சுற்றி மூன்று பேர் நின்று பேசினோம். ஒருவருக்காவது அதைத் தூக்கிப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

மார்கழிக் கடைசியில் அவர்கள் வந்தார்கள், கூடவே நாலு விருந்தாளிகள். அன்று விடாத மழை. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. துரைசானி முன் சாலையில் பெரிய நெருப்பாகப் போடச் சொன்னாள். ஒரு மாதமாகக் கூடு குளிர்ந்து கிடந்தது. அப்பா இரண்டு பேப்பர் கொளுத்திப் பிடித்தார், இழுக்கவில்லை. மூன்றாவதில் இழுத்தது. விறகை அடுக்கித் தீ வைத்துவிட்டுத் தேநீர் எடுக்கக் குசினிக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. கடுகண்ணாவை மலைக் குகைக்குள் ரயில் நுழைகிற மாதிரி இரைச்சல், ஆனால் ரயில் போய் முடியவில்லை. இரைச்சல் சுவருக்குள் நின்றுகொண்டே இருந்தது. வெளியே ஓடிப் பார்த்தேன். கூரைக்கு மேலே புகைக்கூட்டின் வாயிலிருந்து ஆள் உயரத்துக்கு நெருப்பு மழைக்குள் நின்று எரிந்தது.

அப்பா எரிகிற கட்டைகளை இடுக்கியால் இழுத்து வாளித் தண்ணீரில் போட்டார். உப்பு ஜாடியை அப்படியே கவிழ்த்து நெருப்பில் கொட்டினார். என் கம்பளியையும் அவர் கம்பளியையும் தண்ணீரில் நனைத்துக் கணப்பின் வாயை அடைத்து, கீழிருந்து காற்றுப் போகாமல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றார். காற்று இல்லாமல் நெருப்பு மெல்ல அடங்கியது. அதற்குள் செங்கல் சுவர் மேலிருந்து கீழாகப் பிளந்துவிட்டது. உத்தரத்தின் ஒரு முனையும் பலகைக் கூரையின் ஒரு மூலையும் கருகிவிட்டன. அப்பாவின் புருவம் இரண்டும் இல்லை. விருந்தாளிகளில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்குப் பங்களாவில் பத்து லாம்பும் பளிச்சென்று எரிந்தன.

மறுநாள் காலை விசாரணை. முன் விறாந்தையில் துரையும் துரைசானியும் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் தோட்டத்து ஆபீசுப் பெரிய கிளாக்கர் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கிலீசு படித்தவர், துரையின் பேச்சை அப்பாவுக்குச் சொல்ல வந்தவர். அப்பா படியில் நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அப்பு, புகைக்கூடு துப்பரவாக்கச் சொல்லித் துரைசானி போகேக்கை சொல்லிப்போட்டுத்தானாம் போனவ. நீர் ஏன் செய்யேல்லை?"

"எனக்கு அப்படி உத்தரவு ஒண்ணும் வரலீங்களே ஐயா. வந்திருந்தா நானாவைத் திருப்பி அனுப்பியிருப்பேனா?"

கிளாக்கர் அதை இங்கிலீசில் சொன்னார். துரைசானி என்னவோ சொல்லிக் கதவுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"உம்மடை பிள்ளையிட்டைச் சொன்னவவாம்."

அப்பா திரும்பினார். நான் வெளியே வந்தேன். விறாந்தையில் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"துரைசானி என்னம்மா சொன்னாங்க?"

சிமினி என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. ஒன்றரை வருசம் சத்தம் வராமல் இருந்து பழகிய தொண்டை, வேண்டிய நேரத்தில் வரவா போகிறது? அப்பா என்னைப் பார்த்தார், துரையைப் பார்த்தார்.

"லாம்புச் சிமினியத் தொடைக்கணும்னு புள்ள வந்து சொல்லிச்சுங்க ஐயா. சின்னப் புள்ள. மாத்திச் சொல்லிருச்சு."

கிளாக்கர் முகம் ஒரு மாதிரி ஆனது. இங்கிலீசில் சிமினி என்றால் என்ன, நம் வாயில் சிமினி என்றால் என்ன என்று அந்த விறாந்தையில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் துரைசானியின் தமிழால் வந்த வினை இது என்று துரையின் முகத்துக்கு நேரே சொல்லும் கிளாக்கர் அந்தக் காலத்தில் எந்தத் தோட்டத்தில் இருந்தார்? அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். அவர் துரையிடம் ஒரே ஒரு சின்ன வசனம் சொன்னார். துரை தலையை ஆட்டிவிட்டு நாலு வார்த்தை சொன்னார்.

"பிள்ளையை இனிப் பங்களாவிலை வச்சிருக்கேலாதாம். நாளைக்கே அனுப்பிப்போடட்டாம். நீர் வேலையிலை நிக்கலாமாம்."

"சரிங்க ஐயா" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அவர் இன்னொரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அறைக்கு வந்ததும், "அவங்க சிமினின்னுதாம்ப்பா சொன்னாங்க" என்றேன். குரல் இப்போது வந்தது.

"சொன்னா சொன்னாங்க. விடு" என்று என் பாவாடைகளை ஒரு துண்டில் வைத்துக் கட்டினார்.

மறுநாள் விடிந்ததும் கீழ் டிவிசனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழி முழுக்க என் கையை விடவேயில்லை. ஓடை வந்த இடத்தில், எட்டு வயதுக் கழுதையான என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கடந்தார். என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை கெட்டவள் இல்லை. பத்தடிக் காம்பரா என்கிற ஒற்றை அறையில் அவள், மாமா, ஆறு பிள்ளைகள், ஏழாவதாக நான். ஆள் இல்லாத பங்களாவில் இருந்ததைவிட அங்கேதான் எனக்குத் தனிமை அதிகமாக இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குள் ஒரு பாஷை இருந்தது, சண்டை இருந்தது, பட்டப்பெயர்கள் இருந்தன. எனக்கு வைத்த பட்டப்பெயர் 'சிமினி'. பொய் சொல்லிப் பங்களாவை எரித்தவள் என்று கதை எனக்கு முன்னாலேயே லயத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. நான் மறுக்கவில்லை. துரைசானி சொன்னதைத்தான் சொன்னேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து இல்லை என்கிறார்களே. நாளாக நாளாக நான்தான் மாற்றிச் சொன்னேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்றைக்கும் யாராவது ஒரு செய்தி சொல்லி அனுப்பினால் மூன்று தடவை திருப்பிக் கேட்பேன். என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கும் மாலைத் தேநீருக்கும் நடுவில் அப்பா இறங்கி வருவார். பங்களாவில் மிஞ்சிய பாண் ரொட்டித் துண்டுகளைத் துணியில் கட்டிக்கொண்டு வருவார். தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்துக் கல்லில் உட்காருவோம். அரை மணி நேரம்தான்.

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்ப்பா."

வேறு என்ன சொல்வது? என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லால் அவர் புருவம் போனது, வேலை மயிரிழையில் தப்பியது. இன்னொரு சொல்லைச் சொல்லி இருப்பதையும் கெடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் நல்லா இருந்தேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு மேலே ஏறிப் போவார். மூடுபனி அவரை முதலில் தலை, பிறகு முதுகு என்று எடுத்துக்கொள்ளும். பாணை அத்தை பிள்ளைகள் பிடுங்கிக்கொள்வார்கள்.

பதினெட்டு வயதில் கண்டிக்கு வேலைக்குப் போனேன். ஒரு பறங்கி அம்மாவின் வீடு, ஊரை விட்டுக் கொஞ்சம் மேட்டில். போன முதல் மழைக்காலத்தில் அந்த அம்மா, "சிமினி சுத்தம் பண்ண ஆள் கூட்டிட்டு வா" என்றாள். லாம்புக் கண்ணாடி துடைக்க ஆள் எதற்கு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நானே செய்கிறேன் என்று ஒரு சிமினியைக் கழற்றிக்கொண்டு போய் நின்றேன். அந்த அம்மாவும் சிரித்தாள். என் தோளைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிவந்து கூரைக்கு மேலே காட்டினாள். "அதுவும் சிமினிதான் பிள்ளை. இங்கிலீசில் அதுதான் சிமினி."

நான் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்து வருசம் நெஞ்சில் கிடந்தது ஒரு நொடியில் எழுந்து போன மாதிரி இருந்தது. நான் மாற்றிச் சொல்லவில்லை. ஒரு எழுத்துக்கூட மாற்றிச் சொல்லவில்லை. சந்தோசத்தில் அழுதேன். அடுத்த நாளே லீவு கேட்டுக்கொண்டு காலை ரயிலில் வத்தேகமவுக்குப் போனேன். அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்று மலை ஏறும் வழி முழுக்க நினைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அப்பா குசினியில் உட்கார்ந்து போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. புருவம் முளைத்துப் பல வருசம் ஆகியும் ஒரு பக்கம் மட்டும் சரியாக வரவில்லை. நான் நின்றபடியே சொன்னேன்.

"அப்பா, அன்னைக்குத் துரைசானி சொன்னது பொகக்கூட்டைத்தான். இங்கிலீசுல அதுக்குச் சிமினின்னு பேராம். நான் மாத்திச் சொல்லலப்பா. அவங்க சொன்னதைத்தான் அப்படியே சொன்னேன்."

அவர் கத்தியை நிறுத்தவில்லை.

"தெரியும்மா."

"தெரியுமா? எப்பத்திலேருந்து?"

"விசாரிச்ச அன்னைக்குச் சாயங்காலமே. கிளாக்கர் ஐயா ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொன்னாரு. சொல்லிட்டு, யாருகிட்டயும் வாயத் தொறக்காதன்னுட்டாரு."

அன்றைக்குச் சாயங்காலம். அதாவது, என் கையைப் பிடித்துக்கொண்டு கீழ் டிவிசனுக்கு நடந்த காலைக்கு முன்னால். எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"அப்ப என்னைய ஏம்ப்பா திருப்பிக் கூட்டிட்டு வரல? குத்தம் என்னுது இல்லைன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவர் நிஜமாகவே விளங்காத ஒருவரைப் போல என்னைப் பார்த்தார்.

"வாராவாரம் வந்து கேட்டேனேம்மா. நல்லா இருக்கேன்னு நீதானே சொன்ன. இல்லப்பான்னு ஒரே ஒரு தடவ சொல்லியிருந்தீன்னா, இந்த வேலைய அப்பவே வீசிட்டு வந்திருப்பேனே."

அவர் பொய் சொல்லவில்லை. அதை அவர் நம்பினார். பத்து வருசமாக அதை நம்பித்தான் அந்தக் குசினியில் நிம்மதியாகச் சமைத்திருக்கிறார். நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அவர் குரலைத் தணித்து, "இப்ப கண்டியில நல்லாத்தானே இருக்க?" என்று கேட்டார்.

"இல்லப்பா. நல்லா இல்ல. அப்பவும் நல்லா இல்ல" என்றேன்.

கத்தி நின்றது. அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் முன் சாலையில் துரைசானியின் மணி அடித்தது. இது வேறொரு துரைசானி. அப்பா கையைத் துண்டில் துடைத்தார். "இரு, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே உள்ளே போனார்.

நான் இருந்தேன். உள்ளே கிண்ணங்களின் சத்தமும், "யெஸ் மேடம்" என்று அப்பாவின் குரலும் இரண்டு மூன்று தடவை கேட்டன. மிச்சப் போஞ்சிக்காயை நறுக்கி முடித்து, தண்ணீரில் அலசி, சட்டியில் போட்டு மூடி வைத்தேன். அவர் வரவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் இறங்கி நடந்தேன்.